ஜோஹனஸ்பர்க் பழைய ஒட்டு வீட்டுக்கு எந்த ஏசி, எந்த ஹீட்டர்? வாங்கிப் பொருத்தியவரின் மதிப்பீடு

ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து குடியேறும் நம்மவர்கள் இதை முதல் ஜூன் மாதத்தில்தான் உடம்பால் உணர்கிறார்கள். பகலில் 16, 17 டிகிரியில் இதமான வெயில் அடிக்கும். இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் உறைநிலையையும் தொட்டுவிடும். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலை 10 அன்றும் நகரத்தில் பனியே பெய்தது. மார்கழி என்றால் குளிர் என்று பழகியவர்களுக்கு இங்கே மார்கழியில் மின்விசிறி ஓடுவதும் ஆனி, ஆடியில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாமல் போவதும் பழகவே சில ஆண்டுகள் ஆகும்.

பிரிக்ஸ்டன் பகுதியில் நாங்கள் வாங்கிய வீடு 1920களில் கட்டப்பட்ட ஒட்டு வீடு. ஒரே நடுச்சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இந்த வகை வீட்டை இங்கே எல்லோரும் 'செமி' என்பார்கள். இதைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் என்னென்ன பார்த்தோம், எதைத் தேர்ந்தோம், பொருத்திய நிறுவனம் எப்படி வேலை செய்தது என்பதை ஒரு முழுக் குளிர்காலமும் ஒரு முழுக் கோடையும் கழிந்த பிறகு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதலில் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புப் போர்வை விரிக்க வேண்டும். அதன் பிறகு அதிகம் புழங்கும் அறைகளுக்கு மட்டும் தனித்தனி இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி போட வேண்டும். மின்சாரம் போகும் நாட்களுக்குக் கூடத்தில் ஒரு கேஸ் ஹீட்டர் போதும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் பணம் கூரை வழியாகத்தான் போகும்.

இந்த வீடுகளின் உடலமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போவதில் பயனில்லை. சுவர் 230 மில்லிமீட்டர் கனத்தில், நடுவில் இடைவெளி விடாமல் கட்டிய செங்கல் சுவர். மேலே நெளிதகரக் கூரை. அதற்குக் கீழே பூ வேலைப்பாடு அச்சடித்த எஃகுத் தகட்டு உட்கூரை. தரையிலிருந்து அது 3.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரை ஆரிகன் பைன் பலகை. பலகைக்கு அடியில் வெறும் காற்றுவெளி. சன்னல்கள் மேலும் கீழும் நகரும் மரச் சட்டங்கள்; நூறாண்டுப் பெயின்ட் பூச்சுக்கு நடுவே ஒவ்வொன்றிலும் விரல் நுனி நுழையும் சந்து இருக்கிறது. கூடத்தில் வார்ப்பிரும்புக் கணப்பு ஒன்று உண்டு. அதன் புகைபோக்கி திறந்தே இருக்கும் வரை, சூடாக்கிய காற்றை இரவு முழுதும் அது உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒரு ஜூலை மதியம் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏன்டா தம்பி, வெளியில நல்லா வெயில் காயுது, வீட்டுக்குள்ள வந்தாத்தான் குளுருது, இது என்ன வீடு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. தடித்த செங்கல் சுவர் இரவுக் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு பகல் முழுதும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். இங்கே வெயில் வடக்கிலிருந்து வருவதால், தெற்குப் பார்த்த அறைகள் குளிர்காலம் முழுவதும் சூரியனைப் பார்ப்பதே இல்லை. நம் ஊரில் கிழக்குப் பார்த்த வாசல் கேட்பது போல இங்கே வீட்டுத் தரகர்கள் வடக்குப் பார்த்த வீடு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை.

கூரைப் போர்வை

எங்கள் உட்கூரைக்கு மேல் முன்பு எதுவுமே இருக்கவில்லை. தகரத்துக்கும் எஃகுத் தகட்டுக்கும் நடுவே இருந்ததெல்லாம் காற்றும், தெற்கிலுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து ஆகஸ்ட் காற்று பல பத்தாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மஞ்சள் தூசியும்தான். மூட்டை மூட்டையாக அதை அள்ளி இறக்கிய பிறகே வேலை தொடங்கியது. கண்ணாடிக் கம்பளியா, மறுசுழற்சிப் பாலியெஸ்டரா என்பது பலரும் கேட்கும் கேள்வி. கண்ணாடிக் கம்பளியில் ஏரோலைட்டும் பாலியெஸ்டரில் ஐசோதெர்மும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் ஆர் மதிப்பு, 135 மில்லிமீட்டர் கனமுள்ள ஏரோலைட்டுக்கு 3.38. கையாளும்போது அரிக்கும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நாங்கள் அதையே விரித்தோம்.

விரிப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த வயது வீடுகளில் கூரைக்குள் ஓடும் மின்கம்பிகள் சில, பழைய ரப்பர் உறையோடு அப்படியே விடப்பட்டிருக்கும். தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிரும். அவற்றின் மேல் போர்வையை மூடினால் கம்பியின் சூடு வெளியேற வழியில்லை. எங்கள் மின்பணியாளர் படுக்கையறைக்குப் போகும் ஒரு கம்பியை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். உறை காய்ந்த முருங்கைப் பட்டைபோல உரிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்தப் பகுதி முழுவதையும் மாற்றிய பிறகுதான் போர்வை உள்ளே போனது.

செலவைப் பார்த்தால் மொத்தத்தில் இதுதான் மிகக் குறைந்தது. மாற்றத்தைப் பார்த்தால் இதுதான் மிகப் பெரியது. ஏசி எதுவும் பொருத்தாத அந்த இடைவெளியிலேயே, மாலையில் ஏற்றிய சூடு படுக்கும் நேரம் வரை நின்றது. கோடையிலும் பிற்பகலில் தகரத்திலிருந்து இறங்கும் அனல் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. கணப்பின் புகைபோக்கியை, தேவைப்பட்டால் எடுத்துவிடும்படி ஒரு பலகையால் அடைத்தோம். சன்னல் சந்துகளுக்குத் தூரிகைப் பட்டி ஒட்டினோம். தரைக்கு அடியில் காற்றுப் போவதற்காக வெளிச்சுவரில் விட்டிருக்கும் துளைச் செங்கற்களை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது. குளிர் வருகிறது என்று அவற்றைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்ட வீடுகளில், ஈரம் தங்கிப் பலகைகளைத் தாங்கும் மரச்சட்டம் உளுத்துப்போனதை இந்தத் தெருவிலேயே பார்க்கலாம்.

எதில் சூடேற்றுவது: கணக்கு

பெரும்பாலான வீடுகளில் இருப்பது எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், இல்லையென்றால் சிலிண்டரை வயிற்றுக்குள் வைத்து உருட்டிச் செல்லும், சூடாகிச் சிவக்கும் மூன்று பலகைகள் கொண்ட கேஸ் ஹீட்டர். இரண்டும் வாங்க மலிவு, ஓட்ட மலிவில்லை. கணக்குக்காக மின்சாரத்தை யூனிட்டுக்கு 3 ராண்ட் என்றும் சமையல் வாயுவைக் கிலோவுக்கு 38 ராண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். வாயுவின் விலை அரசு மாதந்தோறும் நிர்ணயிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டது என்பதால் இது மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ வாயுவில் சுமார் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆகவே கேஸில் வரும் ஒரு யூனிட் வெப்பமும் ஏறத்தாழ 3 ராண்ட்தான் ஆகிறது. எண்ணெய் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாகத்தான் மாற்றும்; அதற்கும் 3 ராண்ட். ஸ்ப்ளிட் ஏசியைச் சூடாக்கும் நிலையில் வைத்தால், அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைப்பதால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மணிக்கு 2 யூனிட் வெப்பம் வேண்டுமென்றால் எண்ணெய் ஹீட்டரில் 6 ராண்ட், ஏசியில் 2 ராண்ட். நாட்டின் மின் நிறுவனமான எஸ்கோமின் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடும் 2024இல் 12.74 விழுக்காடும் ஏறியதையும், 2024 ஜூலையில் நகர மின்வினியோக நிறுவனமான சிட்டி பவர் முன்கட்டண மீட்டர்களுக்கும் வரி நீங்கலாக மாதம் 200 ராண்ட் நிலைக்கட்டணம் போட்டதையும் வைத்துப் பார்த்தால், இந்த வேறுபாட்டைச் சிறிது என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஏசியைச் சூடுக்கு நம்ப முடியாது என்று இங்கே பலர் சொல்வதுண்டு. ஐரோப்பாவின் ஈரக்குளிரில் வெளி யூனிட்டின் மேல் பனி படிந்து, அதை உருக்குவதற்காக இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுவது உண்மை. ஜோஹனஸ்பர்க்கின் குளிர்காலமோ மழை அரிதான வறண்ட காலம். காற்றில் ஈரம் குறைவு என்பதால் வெளி யூனிட்டில் பனி படிவது அரிது. 2 டிகிரிக்கு இறங்கிய விடியற்காலையிலும் எங்கள் கருவி தடையில்லாமல் வெப்பக் காற்றை அனுப்பியது. இந்த ஊரின் தட்பவெப்பம் இந்தக் கருவிக்கு மிகவும் பொருந்தி வருகிறது என்றே சொல்வேன்.

உயரத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே காற்று கடற்கரையில் இருப்பதைவிட மெலிந்தது; அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு இங்கே இருப்பதில்லை. விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் எடையும் அதற்கேற்பக் குறையும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் தாழ்வான இடத்துக்கு உரியது. இங்கே அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். அதோடு உட்கூரையின் உயரம் வேறு. ஏசியின் திறனை பி.டி.யு. என்ற அளவில் சொல்வார்கள்; விற்பனையாளர்கள் சதுர மீட்டருக்கு 600 பி.டி.யு. என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அது 2.4 மீட்டர் உட்கூரையுள்ள புது வீட்டுக்குச் சரி. 3.2 மீட்டர் உட்கூரை என்றால் அறையிலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எங்கள் கூடம் 20 சதுர மீட்டர். வாய்ப்பாட்டின்படி 12,000 பி.டி.யு. போதும், நாங்கள் 18,000 எடுத்தோம். போர்வை விரிக்காமல் இருந்திருந்தால் அதுவும் திணறியிருக்கும். படுக்கையறைக்கு 12,000. இரண்டுமே ஆர்32 என்ற குளிரூட்டு வாயுவில் ஓடும் இன்வெர்ட்டர் வகை. பழைய ஆர்410ஏ வாயுவோடு ஒப்பிட்டால் புவி வெப்பமாதலுக்கு ஆர்32இன் பங்கு மூன்றில் ஒன்றுதான். விலைக்குறைவாகக் கழித்துத் தள்ளும் ஆர்410ஏ கருவிகள் இன்னும் கடைகளில் கிடைக்கலாம். பத்தாண்டு வைத்திருக்கப் போகும் பொருளுக்கு அந்தச் சேமிப்பு தேவையில்லை.

கூடத்துக்கு நாங்கள் எடுத்தது சுவரில் உயரத்தில் மாட்டும் வகை இல்லை, சன்னலுக்குக் கீழே தரையோரம் நிற்கும் கன்சோல் வகை. வெப்பக் காற்று மேலே போகும் இயல்புடையது, 3.2 மீட்டர் உயரமுள்ள அறையில் உட்கூரையை ஒட்டி மாட்டினால் பூ வேலைப்பாடுதான் குளிர்காயும், மனிதர்களுக்குக் கால் விறைக்கும். கன்சோல் கீழ்ப்பக்கமாகவும் காற்றை விடுவதால் கணுக்காலிலிருந்து சூடு ஏறுகிறது. விலை சற்று அதிகம், கிடைக்கும் மாடல்களும் குறைவு. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இந்த வீட்டில் செய்த செலவுகளில் நான் மிகவும் நிறைவோடு நினைப்பது இதைத்தான். படுக்கையறையில் சுவர் வகையே போட்டோம். ஆனால் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் மாட்டச் சொன்னோம். பணியாளர்கள் பழக்க தோஷத்தில் உட்கூரைக்கு அருகே குறியிட்டிருந்தார்கள்; துளை போடுவதற்கு முன் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

வீடு முழுவதற்கும் ஒரே மையக் கருவி, கூரைக்குள் குழாய்ப்பாதை என்ற யோசனையும் வந்தது. ஒரு நிறுவனம் அழகான வரைபடமே போட்டுத் தந்தது. கூரைவெளி குனிந்து போகக்கூட இடமில்லாதது. குழாய்களை மறைக்க எஃகு உட்கூரையை வெட்டிப் பெட்டி கட்ட வேண்டும். ஆள் இல்லாத அறைகளுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு அது இருக்கட்டும். ஒரு வெளி யூனிட்டோடு மூன்று நான்கு உள் யூனிட்டுகளை இணைக்கும் மல்டி ஸ்ப்ளிட், பின்முற்றம் மிகச் சிறிதாக உள்ளவர்களுக்கு உதவும். ஒரு கம்பிரசர் பழுதானால் எல்லா அறையும் ஒரே நாளில் குளிர்ந்துவிடும் என்பதால் நாங்கள் தவிர்த்தோம். தரைக்கு அடியில் மின்சூடு பதிப்பது இந்தப் பலகைத் தரைக்கு ஒத்துவராது.

கேஸும் விறகும்

மின்தடை என்று வரும்போது கேஸுக்கு ஓர் இடம் உண்டு. முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது 2024 மார்ச் இறுதியில் நின்றது. 2025இன் முதல் பாதியில் சில நாட்கள் மீண்டும் தலைகாட்டியது. அது இல்லாத காலத்திலும் கம்பித் திருட்டாலும் குளிர்கால மிகைச்சுமையாலும் பேட்டை பேட்டையாக மின்சாரம் போவது நிற்கவில்லை. நகரின் பழைய பகுதிகள் சிலவற்றில் எகோலி கேஸ் நிறுவனத்தின் குழாய் தெருவிலேயே ஓடுகிறது. உங்கள் தெருவில் இருந்தால் புகைபோக்கியோடு கூடிய குழாய் கேஸ் ஹீட்டரை யோசிக்கலாம். அந்த வாயு மொசாம்பிக் வயல்களிலிருந்து வருகிறது. அந்த வயல்களின் இருப்பு குறைந்துவருவதால் வினியோகத்தின் எதிர்காலம் பற்றிச் சில ஆண்டுகளாகவே பேச்சு இருக்கிறது. பெரிய முதலீட்டை அதன்மேல் வைக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் வைத்திருப்பது 9 கிலோ சிலிண்டர் போடும் சாதாரண மூன்று பலகை ஹீட்டர். முழு வேகத்தில் மணிக்கு 300 கிராம் அளவுக்கு எரிக்கும். ஒரு சிலிண்டர் முப்பது மணி நேரம் வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் என்பதால் எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்தான் தங்கும். ஒரு 9 கிலோ சிலிண்டர் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 14 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் கலக்கிறது. அது தெற்குச் சுவரிலும் அலமாரிக்குப் பின்னாலும் படிந்து கறுப்புப் பூஞ்சையாகிறது. காற்று மெலிந்த இந்த உயரத்தில் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஆக்சிஜன் குறைவு என்பதையும் சேர்த்து நினைத்தால், சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் இதை எரிக்கக் கூடாது என்பதும், படுக்கையறைக்குள் இதை உருட்டிக்கொண்டு போகவே கூடாது என்பதும் விளங்கும். வெளியே நிலையாகச் சிலிண்டர் வைத்துக் குழாய் இழுப்பதாக இருந்தால், பதிவுபெற்ற கேஸ் பணியாளரின் இணக்கச் சான்றிதழ் சட்டப்படி தேவை. வீட்டை விற்கும்போதும் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் கேட்பார்கள்.

மூடிய அடுப்பு வகைக் கணப்பு, விறகைத் திறந்த கணப்பைவிடப் பலமடங்கு நன்றாகப் பயன்படுத்துகிறது. பார்க்கவும் அழகு. விறகு வாங்கி அடுக்கி, சாம்பல் அள்ளி, ஆண்டுக்கொரு முறை புகைபோக்கி துடைக்கப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

கோடைக்கு எவ்வளவு தேவை

ஜோஹனஸ்பர்க் கோடையை டர்பன் கோடையோடு ஒப்பிடக் கூடாது. பகல் சராசரி 25, 26 டிகிரி. சில நாட்கள் 30ஐத் தாண்டும். மாலையில் இடியோடு மழை கொட்டியதும் இரவு 15 டிகிரிக்கு வந்துவிடும். சன்னலின் மேல் சட்டத்தைக் கீழிறக்கி, கீழ்ச் சட்டத்தை மேலேற்றி வைத்தால் மேலே வெப்பம் வெளியேறிக் கீழே குளிர்காற்று உள்ளே வரும்; அந்தச் சன்னலின் பெரிய வசதியே இதுதான். உயரமான உட்கூரைக்கு மின்விசிறி மிகவும் ஏற்றது. எஃகுத் தகட்டில் தொங்கவிடாமல், அதற்கு மேலிருக்கும் மர உத்தரத்தில் திருகி மாட்டச் சொல்ல வேண்டும். எதிர்த்திசையில் சுழலும் வசதி இருந்தால் குளிர்காலத்தில் மேலே தேங்கும் வெப்பத்தைக் கீழிறக்கவும் அது பயன்படும்.

தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரைப் பலர் கேட்கிறார்கள். மழை வலுக்காத செப்டம்பர், அக்டோபரின் வறண்ட வெப்பத்தில் அது அருமையாக வேலை செய்யும். சனவரிப் பிற்பகலில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஈரத்தை மேலும் ஏற்றிவிடும். அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் ஏசி குளிர்விக்க ஓடுவது கோடையில் எண்ணிவிடக்கூடிய மாலைகளில் மட்டுமே. ஆகவே கருவி வாங்கும்போது குளிர்விக்கும் எண்ணைப் பார்க்காமல், சூடாக்கும் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் குளிர்விக்கும் திறனைத்தான் அச்சிட்டிருப்பார்கள்; சூட்டுக்குரிய எண் கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

பொருத்திய நிறுவனமும் பொருத்தும் வேலையும்

நான்கு இடங்களில் மதிப்பீடு கேட்டதில் இரண்டு பேர் வீட்டைப் பார்க்காமலே வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினார்கள். உட்கூரையின் உயரத்தையும் கூரையில் போர்வை இருக்கிறதா என்பதையும் கேட்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நாங்கள் தேர்ந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அறை அறையாக அளந்தார். மின்பலகையைத் திறந்து பார்த்தார். பல பழைய செமிகளில் வீட்டுக்கு வருவது ஒரே 60 ஆம்பியர் இணைப்பு. அடுப்பும் 3 கிலோவாட் கீசரும் ஓடும்போது இரண்டு எண்ணெய் ஹீட்டரைப் போட்டால் முதன்மை பிரேக்கர் விழுந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஏறித் தொடங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வசதி: 5 யூனிட் பேட்டரியை ஒரு 2 கிலோவாட் எண்ணெய் ஹீட்டர் இரண்டரை மணி நேரத்தில் குடித்துவிடும். அறை ஒருமுறை சூடேறிய பின் ஏசி அதில் பாதியைக்கூட இழுப்பதில்லை.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதில்தான் நல்ல பணியாளருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரிகிறது. நடுச்சுவரில் மாட்டினால் அதன் அதிர்வு பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் எண்பது வயதைத் தாண்டியவர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தெரு முழுவதற்கும் தாத்தா. "காலையில மூணு மணிக்கு ட்ராக்டர் ஓட்டாதே, மத்தபடி எதை வேணாலும் மாட்டிக்கோ" என்பதே அவர் போட்ட ஒரே நிபந்தனை. பின்முற்றத்தில் சிமென்ட் மேடை கட்டி, ரப்பர் பாதத்தின் மேல் யூனிட்டை நிறுத்தினோம். தெருமுகப்பில் வைக்காததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1999ஆம் ஆண்டு தேசிய மரபு வளங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, 60 ஆண்டைக் கடந்த எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு ஆணையத்தின் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது; தோற்றத்தை மாற்றுவதும் அதில் அடங்கும். முகப்பில் இரும்புச் சட்டமும் வெள்ளைக் குழாயும் தொங்கும் வீடுகளைப் பார்த்து, எல்லோரும் செய்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முற்றத்தில் வைத்தாலும் செம்புக் குழாய்க்காகத் திருடர்கள் வருவார்கள் என்பதால் பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டு கட்டாயம். கூண்டின் கம்பிகளுக்கு நடுவே காற்றோட்டத்துக்குப் போதிய இடைவெளி வேண்டும்.

வேலைத் தரத்தில் எனக்குப் பெரும்பாலும் நிறைவே. செம்புக் குழாயை இணைத்ததும் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தார்கள். பிறகு வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார்கள். அதன் பிறகே வாயுவைத் திறந்துவிட்டார்கள். அவசரக்காரர்கள் இந்த இரண்டாவது வேலையைத்தான் விழுங்குவார்கள். விளைவு இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கம்பிரசரில் தெரியும். குறை ஒன்று உண்டு. படுக்கையறைச் சுவரில் போட்ட துளையை வெளிப்பக்கம் சாய்வாகத் துளைக்காமல் நேராகத் துளைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுவதும் அது தெரியவில்லை. கோடையில் குளிர்விக்கத் தொடங்கியதும் வடிநீர் வெளியே போகாமல் சுவருக்குள் இறங்கி, உள்பூச்சு உப்பிக்கொண்டது. கூப்பிட்டதும் வந்தார்கள், குழாயைச் சரிசெய்தார்கள், பூச்சு வேலைக்கு மட்டும் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். எழுத்தில் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டு பூசித் தந்தார்கள். குளிர்காலத்தில் ஏசி பொருத்துபவர்கள், பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது குளிர்விக்கும் நிலையில் ஓட்டிப் பார்த்து, வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று கவனிப்பது நல்லது.

புதிய மின்சுற்றுக்கான இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தராமல் இழுத்தடிப்பவர்களுக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். பராமரிப்பு பெரிய வேலையில்லை. வடிகட்டியை மாதம் ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். ஆகஸ்டில் மட்டும் சுரங்க மேட்டுத் தூசி வடிகட்டியில் மஞ்சள் படலமாக அப்பிக்கொள்வதால் வாரம் ஒரு முறை கழுவ வேண்டியிருக்கிறது. வெளி யூனிட்டின் தகடுகளையும் அந்த மாதத்தில் ஒரு தடவை மென்மையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோம். சூடாக்கும் காலத்தில் அறைக்காற்று மேலும் வறண்டு உதடும் குதிகாலும் வெடிக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதும் தேங்காய் எண்ணெய் தடவுவதும் போதுமானவை, தனிக் கருவி வேண்டாம். தெற்குப் பக்கத்துச் சிறிய அறைக்கு மூன்றாவதாக ஒரு 9,000 பி.டி.யு. கருவி வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. அந்த அறையின் சுவரில் இன்னும் ஈரம் ஏறிக்கொண்டிருப்பதால், அடித்தள ஈரத்தடுப்பு வேலை முடியும் வரை அதை வாங்கப்போவதில்லை.